வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மாமியாரை ஏழு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். கடைசி நான்கு ஆண்டுகள் அவருக்கு மறதி நோய் முற்றியிருந்தது. அவர் காலமான பிறகு, திருச்சியில் எங்கள் பகுதியில் இதே நிலையில் இருக்கும் குடும்பத்தினர் மாதம் ஒருமுறை கூடிப் பேசத் தொடங்கினோம். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்து, ஆய்வுகளில் நான் தேடிப் படித்ததையும் கூட்டங்களில் கண்டதையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தங்கள் வீட்டுக்குப் பொருந்தும் கேள்வியை மட்டும் படிக்க விரும்புகிறவர்கள்கூட ஐந்தாம் கேள்வியைத் தவறவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. முதுமை ஆராய்ச்சி என்றால் என்ன? டாக்டர்கள் செய்வதுதானே?

அதில் ஒரு பகுதிதான் டாக்டர்களுடையது. முதியோரின் நோய்களைக் கவனிப்பது முதியோர் மருத்துவம். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடியாக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.எஸ்.நடராஜன், 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. முதியவர் யாருடன் வாழ்கிறார், அவர் கையில் பணம் இருக்கிறதா, அவரை யார் கவனிக்கிறார்கள், கவனிப்பவரின் கதி என்ன என்று கேட்பது முதுமையியல். இதில் சமூகவியல், மக்கள்தொகையியல், உளவியல், பொருளியல் எல்லாம் கலந்திருக்கின்றன.

இந்தியாவில் இதற்கென்று நடந்தவற்றுள் மிகப் பெரியது ‘லாசி’ (LASI) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய நெடுங்கால முதுமை ஆய்வு. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்திய இதன் முதல் சுற்றில், 2017-18இல் நாடு முழுவதும் 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக 72,000க்கும் மேற்பட்டவர்களை வீடு தேடிச் சென்று கண்டார்கள். அதே மனிதர்களைச் சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் சந்திப்பதே இவ்வகை ஆய்வின் சிறப்பு. ஒருவருடைய முதுமை எப்படி நகர்கிறது என்பது ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பில் தெரியாது.

2. தமிழ்நாட்டில் வயதானவர்கள் அப்படி என்ன அதிகமாகிவிட்டார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. இந்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு தமிழ்நாட்டின் விகிதம் 2021இல் 13.6 ஆகவும் 2031இல் 18.2 ஆகவும் உயரும் என்று கணித்தது. ஆயுள் கூடியது இதற்கு ஒரு காரணம். குழந்தைகள் குறைந்தது அதைவிடப் பெரிய காரணம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8 தான்.

வீட்டுக்குள் இதன் பொருள் எளிது. பாட்டியை ஐந்து பிள்ளைகள் பகிர்ந்து பார்த்தார்கள் என்றால், அம்மாவை இரண்டு பேர் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் வெளியூரில் இருப்பார்.

3. அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பிரச்சினையே இல்லையே, நாம்தானே கெடுத்துக்கொண்டோம்?

எல்லாக் கூட்டங்களிலும் எழும் கேள்வி இது, பெரும்பாலும் வருத்தத்தோடு. 1940களின் இறுதியில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 ஆண்டுகள். சிசு மரணம் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தது உண்மைதான் என்றாலும், 80 வயதைத் தொட்டவர்கள் அன்று மிகச் சிலரே. பக்கவாதத்துக்குப் பிறகு பத்தாண்டுகள், மறதி நோயோடு எட்டாண்டுகள் என்று நீளும் பராமரிப்பை அன்றைய குடும்பங்களில் பெரும்பாலானவை காணவில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் சில மாதங்களில் போய்விடுவார். கூட்டுக் குடும்பம் தாங்கியது என்று நாம் நினைக்கும் சுமை, இன்று நம் தலையில் இருக்கும் சுமையே அல்ல.

அதோடு, அந்தக் குடும்பத்தில் யார் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இளம் விதவையாகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அத்தை, கூலியில்லாமல் உழைத்த மூன்றாவது மருமகள், பள்ளிக்கு அனுப்பப்படாத பேத்தி ஆகியோரின் கைகளில்தான் அந்த ஏற்பாடு நடந்தது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. நிலமில்லாத குடும்பங்களிலோ கூட்டுக் குடும்பம் என்பதே அரிது. பழைய ஏற்பாட்டில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை அளவுகோலாக வைத்து இன்று ஒற்றை ஆளாய் நின்று பார்க்கிற பெண்ணைக் குறை கூறுவதை என்னால் ஏற்க முடியாது.

4. நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கிறோம். பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே ஊர் பேசும்?

பேசும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1960களின் தொடக்கத்தில் வியன்னா நகர முதியவர்களை ஆராய்ந்த லியோபோல்ட் ரோசன்மயரும் ஏவா கோக்கைஸும், பலர் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட அருகில் தனியாக இருந்து அடிக்கடி சந்திப்பதையே விரும்பியதைக் கண்டு, அதற்குத் ‘தள்ளியிருந்து நெருக்கம்’ என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். நம் ஊருக்கு இது புதிதன்று. ஒரே வளவில் பின்கட்டில் கிழவனும் கிழவியும் தனியாக உலை வைத்துக்கொண்டு, முன்கட்டிலிருந்து பேரன் கொண்டுவரும் குழம்பை வாங்கிக்கொள்வது பல ஊர்களில் கண்ட காட்சிதான்.

2011இல் ஏழு மாநிலங்களில் முதியவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், தனித்து வாழ்பவர்களின் விகிதம் தமிழ்நாட்டில்தான் மிக அதிகமாக இருந்தது. அவர்களில் விரும்பித் தனித்திருப்பவர்களும் உண்டு, வேறு வழியின்றித் தனித்திருக்கும் ஏழை விதவைகளும் உண்டு. எனவே, எத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதைவிட, நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பார்கள், அவர் எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேட்பதே பயனுள்ளது. ‘ஒரு மாதம் பெரியவன் வீடு, ஒரு மாதம் சின்னவன் வீடு’ என்று முறைவைத்து அனுப்புவதைப் பற்றி மட்டும் எச்சரிக்க விரும்புகிறேன். உடம்பும் நினைவும் நன்றாக இருக்கும்வரை அது நடக்கும். மறதி தொடங்கியவருக்கு மாதந்தோறும் கழிவறை இருக்கும் திசை மாறுவது பெருந்துன்பம்.

5. அம்மாவை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்கிறார், பிறகு ஏன் எல்லா ஆய்விலும் பெண்கள் பெண்கள் என்று எழுதுகிறார்கள்?

இப்படிக் கேட்ட ஒரு பெண்ணிடம், ஒரு நாள் முழுவதும் நடப்பதை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அடுத்த மாதம் கொண்டுவந்தார். ‘காலை 4:50, பாத்ரூம் கூட்டிப்போனேன். 5:20, ஈரப் பாவாடை மாற்றி, மெத்தை விரிப்பை ஊறப்போட்டேன். 6:10, சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை மாத்திரை. 6:40, இட்லியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன், பாதியில் துப்பிவிட்டார்கள்’ என்று இரவு பதினொன்றரை வரை முப்பத்தேழு வரிகள். அவருடைய கணவருக்குரிய பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன: மாத்திரை வாங்கியது, டாக்டரிடம் காரில் அழைத்துப் போனது, இரவில் அம்மாவோடு அரை மணி நேரம் பேசியது. அந்த மூன்றும் மெய்யான உதவிகள்தான், அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வீட்டில் இருவர் சொல்லும்போது அச்சொல் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கிறது என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கே விளங்கியது.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத்தான் பெரிய அளவில் காட்டியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். இந்தக் கணக்கில்கூடச் சேராத ஒன்று உண்டு. பக்கத்து அறையில் ஒரு முனகல் கேட்டால் எழுந்துவிட வேண்டும் என்று காதைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்குவதை எந்தக் கணக்கெடுப்பும் வேலையாகக் குறிப்பதில்லை.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது இதுதான்: ‘பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்களா?’ என்று குடும்பத்தைப் பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எந்த ஒருவர், எத்தனை மணி நேரம், அவருக்கு யார் துணை என்று கேட்க வேண்டும்.

6. மகள் வீட்டில் போய் இருப்பது முறையா?

மகள் வீட்டில் கை நனைக்கத் தயங்கிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது, அவர்களுடைய கூச்சத்தை மதிக்க வேண்டும். சட்டம் அந்தக் கூச்சத்தை எப்போதோ கடந்துவிட்டது. திருமணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்னும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல், மத்திய அரசுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, கொண்டுவந்தது. ஆனால் பல வீடுகளில் பங்கு கேட்கும்போது ‘நீ கட்டிக்கொடுத்துப் போனவள்’ என்றும், அம்மா படுத்துவிட்டால் ‘பெண்பிள்ளை பார்ப்பதுபோல் வருமா’ என்றும் பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்வது நியாயமில்லை.

7. பார்த்துக்கொள்கிறவர்களுக்கே உடம்பு கெட்டுவிடும் என்கிறார்களே, பயமுறுத்துகிறார்களா?

முழுக்கப் பயமுறுத்தலும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொண்ட 13 பெண்களின் கையிலும், அதே வயதுள்ள வேறு 13 பெண்களின் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் உண்டாக்கி அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். பராமரிப்பில் இருந்தவர்களுக்குக் காயம் ஆறச் சுமார் ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் மன அழுத்தம் தோலில் தெரிகிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேறொன்றை நான் படித்ததில்லை. 1999இல் ஷுல்ஸ், பீச் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் நெருக்கடிக்கும் ஆளான முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்பில் இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஆய்வில், பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களுக்கு அவ்வாறு ஆபத்து கூடவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 2013இல் ராத் குழுவினர் 3,503 பராமரிப்பாளர்களை, மற்றப் பல வகைகளில் அவர்களை ஒத்திருந்த அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்டபோது, ஆறாண்டுகளில் பராமரிப்பாளர்களின் இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது, ஒருவரைப் பார்த்துக்கொள்வது தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை. மாற்று ஆள் இல்லாமல், தூக்கம் இல்லாமல், நன்றிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆளைத் தின்கிறது.

8. என் சுமை அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? அளக்க முடியுமா?

முடியும். 1980இல் ஸ்டீவன் சாரிட்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் உருவாக்கிய கேள்விப் பட்டியல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இப்போது பரவலாக உள்ள வடிவத்தில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா, அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா, உங்கள் உடல்நலம் கெட்டிருக்கிறதா என்ற போக்கில் அவை செல்லும். மனநல மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ போகும்போது ‘என்னையும் ஒருமுறை பாருங்கள்’ என்று நீங்களே கேட்கலாம். பெரும்பாலும் டாக்டர் நோயாளியைப் பற்றி மட்டுமே கேட்பார், நாமும் நோயாளியைப் பற்றி மட்டுமே சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

9. அத்தை ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்கிறார்கள், வேண்டுமென்றே படுத்துகிறார்களோ?

இல்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மறதி நோயில் பெரும்பாலும் முதலில் போவது, சற்றுமுன் நடந்ததைப் பதித்துவைக்கும் ஆற்றல். நாற்பதாவது தடவை கேட்கும்போதும் அவருக்கு அது முதல் தடவைதான். லாசி ஆய்வின் ஒரு கிளையாக நடந்த மறதி நோய் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் பலரை வீட்டில் ‘வயசாகிவிட்டது’ என்றோ ‘வீம்பு’ என்றோதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் மாமியார் ‘பால் வாங்கியாச்சா?’ என்று விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். ‘வாங்கியாச்சு அத்தை’ என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் நான் கத்திவிட்டேன், அவர் குழந்தைபோல் மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். மறுநாள் பால் பாத்திரத்தை மூடாமல் அவர் கண்ணில் படும்படி கூடத்து மேசைமேல் வைத்தேன். கேள்வி பாதிக்கும் கீழே குறைந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரு பெரிய குடும்பத்துக்குக் காபி போட்டவருடைய கவலை அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்படிப்பட்ட சிறு உத்திகளைக் குடும்பங்களுக்குக் கற்றுத்தந்தால் பலன் உண்டா என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். வளரும் நாடுகளில் மறதி நோயை ஆராய 1998இல் ‘10/66’ என்ற குழு தொடங்கப்பட்டது. நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் பத்து விழுக்காடுகூட இங்கே நடக்கவில்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக்களங்களில் இருந்தன. கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், சிறிது காலப் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ஆலோசனை தந்தபோது பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. மருந்து புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பேச ஓர் ஆள் வந்தார், அவ்வளவுதான்.

10. பெற்ற தாய்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது. இது பாவம் இல்லையா?

இதைக் கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மற்றவர்கள் எல்லோரும் எழுந்துபோன பிறகு கேட்டார். தலைமுறைகளுக்கு இடையிலான உறவை வெர்ன் பெங்ட்ஸன் என்ற சமூகவியலர் 1971 முதல் தெற்குக் கலிஃபோர்னியாவில் மூன்று தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து கண்டு ஆராய்ந்தார். பாசம், சந்திப்பு, கருத்தொற்றுமை, கொடுக்கல் வாங்கல் உதவி, கடமையுணர்வு, வாழும் தொலைவு என்று ஆறு இழைகளாக அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது அவர் காட்டிய வழி. ஓர் இழை வலுவாகவும் மற்றொன்று நைந்தும் இருக்கலாம். பாசம் வற்றிய இடத்திலும் கடமை நிற்கலாம்.

1998இல் லூஷர், பில்லமர் என்ற இருவர் இன்னொன்றைச் சேர்த்தார்கள். பெற்றோர் பிள்ளை உறவில் அன்பும் கசப்பும் ஒரே நேரத்தில் இருப்பது இயல்பு, அது நோயின் அறிகுறியோ உறவு முறிந்ததன் அடையாளமோ இல்லை என்பது அவர்கள் வாதம். சிறுவயதில் உங்களை அடித்து வளர்த்த தாயை இன்று நீங்கள் குளிப்பாட்டிவிடும்போது பழைய நினைவு வந்து தொண்டையை அடைப்பது பாவம் ஆகாது. அந்தக் கோபம் கைக்கு வந்துவிடும் என்று தோன்றினால் மட்டும், அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு யாரையாவது அழையுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐக்கூட அழைக்கலாம், பார்த்துக்கொள்கிறவர்களும் அதில் பேசலாம்.

11. பேரப்பிள்ளையை வளர்ப்பதே நாங்கள்தான். எங்களைப் போய்ச் சுமை என்று எழுதுகிறார்களே?

நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். பென்னி வேரா-சான்சோ என்ற மானிடவியலர் 1990 முதல் சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் தமிழகக் கிராமங்களிலும் முதியவர்களோடு ஆய்வு செய்தவர். ஏழைக் குடும்பங்களில் முதியவர்கள் கடைசிவரை உழைப்பதையும், பாட்டி வீட்டையும் குழந்தையையும் ஏற்றுக்கொள்வதால்தான் மகளோ மருமகளோ வேலைக்குப் போக முடிவதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். கறிவேப்பிலையும் கீரையும் கூறுகட்டி விற்கும் எழுபது வயதுப் பெண்ணை நாம் தினமும் பார்த்துக்கொண்டே, முதியவர்கள் பிறரை நம்பி வாழ்பவர்கள் என்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாம் கேள்வியில் சொன்ன நோட்டைத் தாத்தா பாட்டியும் எழுதலாம். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றியதும் அதில் ஒரு வரிதான்.

12. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அது பராமரிப்பு இல்லையா?

பராமரிப்புதான். கடல் கடந்த குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் பணம், தொலைபேசிப் பேச்சு, நெருக்கடியில் ஓடிவருவது ஆகியவற்றையும் பராமரிப்பின் வடிவங்களாகவே எண்ணுகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வீடியோ அழைப்பில் முதலில் அம்மாவிடம் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதற்குப் பதிலாக, அம்மாவோடு இருக்கும் அக்காவிடம் ‘நீ தூங்கினாயா’ என்று கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை பத்து நாள் விடுப்பில் வந்து, ‘அம்மா இப்படி இளைத்துவிட்டாளே’ என்று விருந்தாளிபோல் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பத்து நாளும் அக்காவை வெளியூர் அனுப்பிவிட்டு நீங்கள் பாருங்கள்.

13. முதியோர் இல்லத்தில் சேர்த்தால் துரோகம்தானே?

எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை. ஆள் தூக்கிக் கழிவறைக்கு அழைத்துப்போக வேண்டிய எடையுள்ள முதியவரை, முதுகுவலியுள்ள அறுபது வயது மனைவி தனியாகப் பார்ப்பதைவிட, நல்ல இல்லம் இருவருக்குமே மேலானதாக இருக்கலாம். சேர்ப்பதற்கு முன் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறையும், இரவு ஏழு மணிக்குமேல் ஒருமுறையும் சொல்லாமல் போய்ப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணிக்கொருமுறை புரட்டுகிறார்களா என்று கேளுங்கள், புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். சேர்த்த பிறகு போய்ப் பார்ப்பதை நிறுத்திவிடுவதைத்தான் துரோகம் என்று நான் சொல்வேன்.

14. வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டேன். இப்போது சோறுகூடப் போடுவதில்லை. திரும்ப வாங்க முடியுமா?

2007இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாற்றப்பட்டு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். சிக்கல் ‘நிபந்தனை’ என்ற சொல்லில் இருக்கிறது. அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆகவே செட்டில்மென்ட் பத்திரம் எழுதுகிறவர்கள், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரியையும், ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘பெற்ற மகனிடம் போய் நிபந்தனையா’ என்ற கூச்சம் பின்னால் வரும் கண்ணீரைவிடச் சிறியது.

மனுவைத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். ஜீவனாம்ச மனுவை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தனிக் காரணம் இருந்தால் ஒருமுறை மட்டும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். மாத ஜீவனாம்சத்துக்கு அச்சட்டம் விதித்த உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆதரிக்க வேண்டியவரை எங்காவது கைவிட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை உண்டு.

15. அந்தச் சட்டத்தில் மருமகள்மேல் மனு போடலாமா? அவளை வீட்டைவிட்டு அனுப்ப முடியுமா?

சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்பது மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி ஆகியோரைக் குறிக்கும். மருமகனையும் மருமகளையும் சேர்க்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. வீட்டைவிட்டு வெளியேற்றுவதைப் பொறுத்தவரை, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் தரும் வசிப்பிட உரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கொண்டு பறித்துவிட முடியாது என்றது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் பெரும்பங்கைச் செய்கிறவள் மருமகள் என்று ஐந்தாம் பதிலில் பார்த்தோம். சொத்தில் உரிமையில்லாத அவளை வழக்கில் மட்டும் முதல் ஆளாக நிறுத்த நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மனு போட வேண்டியிருந்தால் மகன்மேல் போடுங்கள்.

16. எங்கள் ஊர்ப் பக்கம் ரொம்ப முடியாதவர்களைத் ‘தலைக்கூத்தி’ அனுப்பிவிடுவார்கள். கஷ்டப்படாமல் போகட்டும் என்பது தப்பா?

தலைக்கூத்தல் என்பது படுத்த படுக்கையான முதியவரை வீட்டாரே சாகச் செய்வது. தப்பு, சட்டத்தின் கண்ணில் அது கொலை. தென்மாவட்டங்கள் சிலவற்றில் இது வழக்கம் என்ற போர்வையில் நடந்துவந்ததை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேட்டவரிடம் நான் கண்டது கொடுமை இல்லை, களைப்பு. எட்டு மாதமாக வலியில் கத்தும் தந்தைக்கு வலி நிவாரணம் எங்கே கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

‘எனக்கு வென்டிலேட்டர் எல்லாம் வேண்டாம்’ என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பது முற்றிலும் வேறு. அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டு, 2023இல் நடைமுறையையும் எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். வலியைக் குறைப்பதும், வேண்டாத சிகிச்சையை மறுப்பதும் முதியவரின் உரிமை. அவருக்காக மற்றவர்கள் நாள் குறிப்பது யாருடைய உரிமையும் இல்லை.

17. அரசாங்கத்தில் வேறு என்ன கிடைக்கும்?

ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. உதவி எண்ணைப் பத்தாம் பதிலிலும், வீடு தேடி வரும் சிகிச்சையை முந்தைய பதிலிலும் சொல்லிவிட்டேன். இவை பெரும்பாலும் முதியவருக்கானவை. பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரும் பகல்நேரக் காப்பகங்கள் சிறு நகரங்களில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

18. அண்ணன் தம்பிகளிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது? எடுத்தாலே சண்டை வருகிறது.

பணத்தில் தொடங்காதீர்கள், பழைய கணக்கையும் எடுக்காதீர்கள். நோட்டை நடுவில் வையுங்கள். ‘நீங்களும் கொஞ்சம் பாருங்களேன்’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். ‘மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறு உன் பொறுப்பு’ என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். வர முடியாதவர் எதைச் செய்ய முடியும் என்பதை அவரையே சொல்லவிட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதியவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். அவரை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு அவரைப் பங்கு போடுவதுபோல் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

ஐந்தாம் பதிலில் சொன்ன பெண் அப்படித்தான் செய்தார். கோயம்புத்தூரில் இருக்கும் கடைசி மைத்துனரால் வர முடியவில்லை, மருந்துச் செலவையும் இயன்முறைச் சிகிச்சையாளரின் கட்டணத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார். உள்ளூரில் இருக்கும் நடு மைத்துனர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒப்புக்கொண்டு, முதல் முறை சனிக்கிழமை இரவே வந்து அம்மாவின் கட்டிலுக்கருகில் பாய் விரித்துப் படுத்தார். அன்று அந்தப் பெண் காலை பத்தே முக்கால் வரை தூங்கினாராம். எழுந்து வந்து நோட்டைத் திறந்தபோது, 4:50க்கும் 5:20க்கும் நேராக மைத்துனரின் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. 6:40க்கு நேராக, ‘இட்லி சாப்பிடவில்லை, எப்படி ஊட்டுவது என்று அண்ணியிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.